தீவன அறையைத் தேடி வரும் கரடி: கோத்தகிரி வாசகருக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் சோலை. நான்கு குதிரைகள். இரண்டு மட்டக்குதிரைகள் சீசனில் ஊட்டிக்குச் சவாரிக்குப் போகும், ஒன்று வயதான ஆண் குதிரை, ஒன்று சினைக்குதிரை, வைகாசியில் ஈனும். ஒரு மாதமாக ராத்திரியில் கரடி வருகிறது, சில நாள் குட்டியோடு. தீவன அறைக் கதவை இரண்டு தடவை உடைத்துவிட்டது. குதிரைகள் தூங்காமல் கதவை உதைக்கின்றன. காலை ஐந்து மணிக்கு நான் தனியாகப் போய்த்தான் லாயத்தைத் திறக்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் வேலியில் கரண்ட் விடச் சொல்கிறார். நாய் வாங்கிக் கட்டலாமா? குதிரைக்குட்டி பிறந்தால் கரடி தின்றுவிடுமா? கதவுப் படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: அந்தப் படத்தைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்த்தேன். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் நான்கைந்து நீளக் கீறல்கள், கீழ்ப்பலகையின் அடியில் நகத்தை விட்டு நெம்பி வெளியே இழுத்திருக்கிறது. அதே வரிசையில் பத்தடி தள்ளி இருக்கிற குதிரைக் கதவில் ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. இரண்டு தடவை வந்த கரடி, இரண்டு தடவையும் குதிரையைத் தாண்டிப் போய் கொள்ளும் வெல்லமும் இருக்கிற அறையைத்தான் உடைத்திருக்கிறது. உங்கள் கடைசிக் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

நம் நீலகிரியில் இருக்கிற கரடி கறையான், எறும்பு, தேன், பழம் தின்று வாழ்கிற விலங்கு. அதன் மேல்வாயில் நடு முன்பற்கள் இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் கறையான் புற்றிலிருந்து உறிஞ்சும், அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். விரல் நீளத்துக்கு இருக்கிற நகம் புற்றைத் தோண்டவும் மரம் ஏறவும் வந்தது. குதிரையைத் துரத்தி அடித்துத் தின்பது அதற்கு வழக்கமில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் பழுப்புக் கரடி மாட்டை அடிப்பதைப் பார்த்துவிட்டு இங்கே பலர் பயப்படுகிறார்கள், அது வேறு இனம். அதற்காகச் செத்த மாமிசத்தை நம் கரடி தொடவே தொடாது என்றும் சொல்ல மாட்டேன். குதிரைக்குட்டியைப் பொறுத்தவரை நீங்கள் பயப்பட வேண்டியது சிறுத்தைக்குத்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

கண்ணும் காதும் கரடிக்குச் சுமார்தான், மூக்குதான் எல்லாம். நீலகிரி மலையில் கோயில் கதவை உடைத்து விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிற கரடிகளைப் பற்றி நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள். பேக்கரிக்குள்ளும் தோட்டக் குடியிருப்புச் சமையலறைக்குள்ளும் நுழைவதும் இதே கணக்குத்தான். எண்ணெய், நெய், இனிப்பு, வெந்த தானியம். இப்போது உங்கள் தீவன அறையை அந்த மூக்கோடு நினைத்துப் பாருங்கள். வேகவைத்த கொள்ளு, கோதுமைத் தவிடு, வெல்லம், குளம்புக்குப் பூசும் எண்ணெய், சேணத்துக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் ஒரே அறையில், பலகைக் கதவுக்குப் பின்னால். சோலை ஓரத்தில் ராத்திரி பசியோடு நடக்கிற பிராணிக்கு அதைவிடப் பெரிய அழைப்பு தேவையில்லை.

சில வருடங்களுக்கு முன்பு குன்னூர்ப் பக்கம் ஒரு லாயத்தில் இப்படித்தான் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் தவிட்டு மூட்டை ஓரத்தில் மட்டும் கிழிந்திருந்தது, கொள்ளுப் பானை குப்புறக் கிடந்தது, வெல்லம் வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பா உள்ளே கழுவி வைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. நக்கியே சுத்தம் செய்திருந்தது. பக்கத்தில் தொங்கிய சேணத்தின் அடித்தோலிலும் எண்ணெய் பட்ட இடம் முழுக்க ஈரம். குதிரைகளுக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் உடைந்த அந்தக் கதவு வழியாகக் காலையில் அவிழ்ந்த ஒரு மட்டக்குதிரை உள்ளே போய் மீதிக் கொள்ளையும் தவிட்டையும் தின்றுவிட்டது. அந்தக் குதிரையைப் பிழைக்க வைக்க நாங்கள் மூன்று நாள் போராடினோம். கரடி தொடாத குதிரையைக் கரடி திறந்துவிட்ட கதவு கிட்டத்தட்டக் கொன்றது. அதனால்தான் வேலியைப் பற்றிப் பேசும் முன்பு தீவன அறையைப் பற்றிப் பேசுகிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் கொள்ளு, தவிடு, வெல்லம், எண்ணெய் நான்கையும் இறுக்கி மூடுகிற இரும்பு டிரம்முக்கு மாற்றுங்கள், மூடிக்கு வளையமும் தாழ்ப்பாளும் இருக்கட்டும். பிளாஸ்டிக் டிரம் ஒரே இழுப்பில் போய்விடும். கதவுக்கு இருபக்கமும் தகடு அடியுங்கள், முக்கியமாகக் கீழ் இரண்டடி. கதவுக்கும் தரைக்கும் நடுவில் நகம் நுழைகிற சந்து இருக்கக் கூடாது, வாசலில் ஒரு சிமெண்ட் படி கட்டி அதன்மேல் கதவு உட்கார்கிற மாதிரி செய்யுங்கள். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் தாழ்ப்பாள். ஜன்னலுக்குக் கம்பி இருந்தால் போதாது, கம்பிக்கு வெளியே கெட்டி வலை வேண்டும். முடிந்தால் தீவன அறையை லாயத்திலிருந்தே பிரித்து வீட்டுப் பக்கம் கொண்டுபோய்விடுங்கள். குதிரைக்குப் பக்கத்தில் தீவனம் இருந்தால் வேலை சுலபம் என்பது தெரியும், ஆனால் இப்போது அந்த வசதிதான் கரடியைக் குதிரை இருக்கும் இடத்துக்கே கூட்டி வருகிறது.

அப்புறம் நேரம். கொள்ளைச் சாயங்காலம் வேகவைக்கிற பழக்கம் இருந்தால் காலைக்கு மாற்றிவிடுங்கள். சத்துத் தீவனத்தின் கடைசி வேளை மாலை ஐந்து மணிக்குள் முடியட்டும். ராத்திரிக்குப் புல்லும் வைக்கோலும் மட்டும். தொட்டியில் மிச்சம் இருந்தால் அள்ளி, தண்ணீர் விட்டுக் கழுவி, வாளியைக் கவிழ்த்து உள்ளே வையுங்கள். இதில் ஒரு நாள் தவறினால் கரடிக்கு அது ஒரு பரிசு. ஒரு தடவை கிடைத்த இடத்துக்கு அது பத்துத் தடவை வந்து பார்க்கும். நீங்கள் எல்லாவற்றையும் பூட்டிய பிறகும் இரண்டு மூன்று வாரம் வந்து மோப்பம் பிடித்துக் கதவை ஆட்டிப் பார்க்கும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். கிடைக்காது என்று அதற்குப் பழக வேண்டும்.

லாயத்துக்கு வெளியேயும் கொஞ்சம் பாருங்கள். சாணக் குவியல் எங்கே இருக்கிறது? நாள்பட்ட சாணத்தில் வண்டுப் புழு இருக்கும், கரடி அதைத் தோண்டித் தின்னும். குவியலை லாயத்திலிருந்து நன்றாகத் தள்ளி வைத்து வாரம் ஒரு தடவை வயலுக்கு எடுத்துவிடுங்கள். மட்கிய மரக்கம்பங்களில் கறையான் இருந்தால் மாற்றுங்கள். கூரை விளிம்பில் தேன்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பகுதியில் பேரி, பீச், பிளம் எல்லாம் உண்டு. விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்குங்கள், பழுக்கிற மரத்தில் சாயங்காலமே பறித்துவிடுங்கள். லாயத்தைச் சுற்றி முப்பது மீட்டருக்காவது உண்ணிச்செடிப் புதர் இருக்கக் கூடாது. பழத்துக்குப் பழம், மறைவுக்கு மறைவு என்று கரடிக்கு அது பகல் வீடு. தேயிலையோடு ஒட்டிய உண்ணிப் புதரில் படுத்திருந்த கரடி மேல் இலை பறிக்கப் போனவர்கள் மோதி அடிபட்டது நம் மலையில் ஒன்றிரண்டு தடவை நடந்த கதை இல்லை.

சரி, வேலிக்கு வருவோம். பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வது போல மெயின் லைனிலிருந்து கரண்ட் எடுத்து விடவே கூடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் இப்படிப்பட்ட திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தாய்களின் உடலைச் சுற்றிச் சுற்றி நின்றன. அந்தக் கம்பியில் நாளைக்கு உங்கள் குதிரை படலாம், உங்கள் வீட்டுப் பிள்ளையே படலாம். 230 வோல்ட் தொடர்ந்து ஓடும்போது தொட்ட தசை இறுகிவிடும், உதறி விலக முடியாது. சூரிய மின்வேலியில் எனர்ஜைசர் என்று ஒரு பெட்டி இருக்கும். அது ஐயாயிரம் வோல்ட்டுக்கு மேல் கொடுத்தாலும் ஏறத்தாழ நொடிக்கு ஒரு தடவை, கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகத் துடித்துவிட்டு நின்றுவிடும். சுரீரென்று வலிக்கும், கொல்லாது. இதற்கும் 2023-ல் தமிழ்நாடு அரசு தனி விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. காட்டை ஒட்டிய நிலம் என்பதால் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டுதான் போட வேண்டும்.

மூன்று ஏக்கர் முழுக்கப் போட வேண்டியதில்லை, யானை வழியும் காட்டெருமை வழியும் அடைத்துக்கொண்டு வேறு சிக்கல் வரும். லாயம், தீவன அறை, ராத்திரித் தொழுவம் மூன்றையும் சுற்றி மட்டும் போடுங்கள். கரடிக்கு என்றால் கீழ்க்கம்பிதான் முக்கியம். அது தாண்டுகிற பிராணி அல்ல, கீழே நுழையப் பார்க்கும், தோண்டும். முதல் கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அதற்கு மேல் சாணுக்கு ஒன்றாக ஐந்தாறு கம்பி. கரடி உடம்பு முழுக்க ஜடை போல முடி, அது மேலே பட்டால் ஒன்றும் உறைக்காது; மூக்கில் பட வேண்டும். கம்பி நெருக்கமாக இருந்தால்தான் மூக்கை நீட்டும்போது படும். பங்குனி, சித்திரையில் மண் காய்ந்து எர்த் சரியாகப் பிடிக்காமல் வேலி வெறும் கம்பியாக நிற்கும். எர்த் கம்பியை ஆழமாக இறக்கி, அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருங்கள், இல்லையென்றால் ஒரு கம்பி விட்டு ஒரு கம்பியை எர்த்தோடு சேருங்கள். மழைக்காலத்தில் தலைகீழ்: ஈரப்புல் கம்பியில் பட்டு வோல்டேஜ் இறங்கிவிடும், பத்து நாளுக்கு ஒரு தடவை அடியில் புல் வெட்ட வேண்டும். வோல்டேஜ் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கித் தினம் சாயங்காலம் தொட்டுப் பாருங்கள்.

குதிரைக்காக இன்னொன்று. மிரண்ட குதிரை மெல்லிய கம்பியைப் பார்க்காது. அதனால் உள்பக்கம் இரண்டு மூன்றடி தள்ளி, பட்டையான வெள்ளை நாடாவோ மரச்சட்டமோ கொண்டு தனி வேலி போடுங்கள், குதிரை வெள்ளையைப் பார்த்து நிற்கும். இப்போது முள்கம்பி இருந்தால் லாயத்துப் பக்கமாவது எடுத்துவிடுங்கள். இந்த மலையில் நான் தைத்த பெரிய காயங்களில் பெரும்பாலானவை முள்கம்பிக் காயங்கள். நகக் காயம் மிகக் குறைவு. கரடி வாசனை வந்ததும் குதிரை ஓடத்தான் பார்க்கும், ஓட இடமில்லாமல் கட்டிப் போட்டிருந்தால் கயிற்றில் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். ராத்திரியில் கட்டாமல் அறைக்குள் விட்டு, வெளியிலிருந்து கரடியால் திறக்க முடியாத தாழ்ப்பாள் போடுங்கள். கட்டியே ஆக வேண்டும் என்றால் ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. நான்கும் ஒன்றை ஒன்று பார்க்கிற மாதிரி இருந்தால் உதைப்பது குறையும், தனியாக அடைத்த குதிரைதான் அதிகம் மிரளும்.

எப்போதாவது கதவு உடைந்து குதிரை தீவன அறைக்குள் போயிருந்தால், எவ்வளவு தின்றது என்று தெரியாவிட்டாலும், அந்த நிமிடமே மருத்துவரைக் கூப்பிடுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்று வலி சில மணி நேரத்தில் வரும், குளம்புக்குள் வீக்கம் ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். குளம்பு சூடாகி, முன்கால் ஊன்ற முடியாமல் பின்பக்கம் சாய்ந்து நின்றால் ஏற்கெனவே தாமதம். மருத்துவர் வரும்வரை தானியத்தை எடுத்துவிட்டு, நான்கு காலையும் ஐஸ் போட்ட தண்ணீரில் நிறுத்துங்கள். வீட்டு வைத்தியமாக எண்ணெய் ஊற்றிக் குடிக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

இப்போது உங்களைப் பற்றி. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்த வரி, காலை ஐந்து மணிக்கு நீங்கள் தனியாகப் போய் லாயத்தைத் திறப்பதாக எழுதியிருந்தது. குட்டியோடு இருக்கிற தாய்க்கரடியை இருட்டில் பத்தடியில் சந்தித்தால் அது ஓடாது, மேலே பாயும், முகத்தைத்தான் பார்த்து அடிக்கும். பிறந்த குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு சுற்றும், ஒன்றரை இரண்டு வருடம் குட்டி தாயை விட்டுப் பிரியாது. அதனால் வெளிச்சம் வந்த பிறகு போங்கள், அல்லது இரண்டு பேராகப் போங்கள். பேசிக்கொண்டு, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு, பெரிய டார்ச்சை முன்னால் அடித்துக்கொண்டு. லாயத்துக்கு வருகிற வழி முழுக்க விளக்கு வேண்டும், உடம்பு அசைவைப் பார்த்து எரிகிற விளக்காக இருந்தால் நல்லது. பார்த்துவிட்டால் பின்வாங்குங்கள், அது போக வழி விடுங்கள், சுற்றி வளைக்காதீர்கள், போட்டோ எடுக்க நிற்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் படித்த கதையில் ஒருவன் மரத்தில் ஏறித் தப்புவான், அதை நம்பி மரம் ஏற வேண்டாம், இந்தக் கரடி நன்றாக மரம் ஏறும். மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் பிடரியில் கோத்து, முகத்தையும் கழுத்தையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

கடித்தாலும் கீறினாலும் சோப்புத் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வெறிநோய் ஊசி, காயத்தைச் சுற்றிப் போடுகிற மருந்து, டெட்டனஸ் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். காட்டு விலங்குதானே, நாய் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

நாய் வேண்டாம். கட்டிய நாய் சிறுத்தைக்கு இரை. அவிழ்த்துவிட்ட நாய் கரடியைச் சீண்டிவிட்டு உங்கள் காலடிக்கே திரும்பி ஓடி வரும், பின்னாலேயே கரடியும் வரும். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கிற நாட்டு வெடி), சுருக்குக்கம்பி பேச்சை யாராவது எடுத்தால் அந்த இடத்திலேயே தடுத்துவிடுங்கள். பன்றிக்கு வைத்த சுருக்கில் இடுப்பு அறுந்து கிடந்த கரடியைப் பார்த்தவன் நான், அதன் முனகல் இன்னும் காதில் இருக்கிறது. சட்டமும் இருக்கிறது: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கரடி முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில், இருக்கிற விலங்கு.

வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், கதவுப் படம், தேதி, நேரம் எல்லாம் சேர்த்து. இரவு ரோந்து வரச் சொல்லிக் கேட்கலாம். கூண்டு வைத்துப் பிடித்துப் போகச் சொல்வதற்கு அவசரப்படாதீர்கள். தாய் கூண்டுக்குள்ளும் குட்டி வெளியேயும் மாட்டினால் அந்தத் தோட்டமே ஆபத்தாகிவிடும். கொள்ளு வாசனை இருக்கிறவரை இந்தக் கரடி போன இடத்துக்கு இன்னொன்று வரும்.

கடைசியாகச் சினைக்குதிரை. பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும். ஈனும் வாரத்தில் அதை நான்கு சுவரும் கூரையும் உள்ள அறைக்கு மாற்றுங்கள், மேல் பாதி திறந்திருக்கும் கதவாக இருந்தால் அதில் கெட்டி வலை அடியுங்கள், சிறுத்தை அந்த வழியாக வரும். நஞ்சுக்கொடி மூன்று மணி நேரத்துக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் விடியும்வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள். விழுந்ததும் கிழிந்து ஏதாவது உள்ளே தங்கிவிட்டதா என்று விரித்துப் பார்த்துவிட்டு, சுண்ணாம்பு போட்டு இடுப்பளவு ஆழத்தில் புதையுங்கள். ரத்தம் பட்ட வைக்கோலையும் அன்றைக்கே எரித்துவிடுங்கள். அந்த வாசனைக்கு எது வேண்டுமானாலும் வரும்.

டெட்டனஸ் ஊசியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. குதிரைக்கு அந்த நோய் மிகச் சுலபமாக வரும், சின்ன ஆணிக்காயம் போதும். நான்குக்கும் கடைசியாக எப்போது போட்டது என்று பாருங்கள். சினைக்குதிரைக்கு ஈனுவதற்கு நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு முன்பு ஒரு ஊசி போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு போகும். அது இணைசேர்ந்த தேதியை எனக்கு எழுதி அனுப்புங்கள். ஏறத்தாழ 340 நாள் கணக்கு வைத்து, எந்த வாரம் ஊசி, எந்த வாரம் அறை மாற்ற வேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன்.